ஒரு தலைக்கு ஒரு கூரை

சூறாவளி அடித்ததற்கு அடுத்த ஆண்டு, 1979இன் நடுப்பகுதியில், கல்முனைக்குத் தெற்கே உள்ள எங்கள் கரையோர ஊரில் இது நடந்தது. கச்சான் காற்று வீசும் காலம். அந்தக் காற்றை அனுபவிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: தன்னிடமிருந்த ஈரத்தையெல்லாம் மேற்கே மலைநாட்டில் கொட்டிவிட்டு, சூட்டையும் புழுதியையும் மட்டும் எங்களுக்குக் கொண்டுவரும் காற்று அது. வீசத் தொடங்கினால் உதடு வெடிக்கும், கிணறு இறங்கும், புருஷன் பெண்சாதிக்குள் சண்டை கூடும். கந்தோரில் காகிதம் ஓரிடத்தில் நிற்காது. மனிதரும் நிற்கமாட்டார்கள்.

நான் அப்போது பிரதேசக் கந்தோரின் காணிப் பகுதியில் இளைய எழுதுவினைஞன். ஊரார் ‘கிளாக்கர்’ என்பார்கள். பிற்காலத்தில் ஏறி ஏறி, ஓய்வு பெறும்போது எந்த விண்ணப்பத்தை எந்தப் பந்தியின் கீழ் நிராகரிக்கலாம் என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய நிலைக்கு வந்துவிட்டேன். அரசாங்க சேவை என்பது இந்த ஞானத்தை அடைவதற்கான நீண்ட பயிற்சிதான். அன்று எனக்கு அதில் அரைவாசிதான் கிடைத்திருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கலியாணம் என்றால் வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்குக் குடிவருவார். சண்டை முற்றினால் அதே பெட்டியோடு வெளியேறுவார். முஸ்லிம்கள், தமிழர் என்று இதில் வேறுபாடு இல்லை. நானும் அப்படித்தான் புதிதாக மனைவியின் வீட்டில் குடியேறியிருந்தேன்.

ஆனால் கொழும்பிலிருந்து வந்த சுற்றுநிருபத்துக்கு இதெல்லாம் தெரியாது. சூறாவளியில் வீடிழந்தவர்களுக்குக் கொடுக்கும் காணித்துண்டும் ஓரறை வீடும் குடும்பத் தலைவரின் பெயரில் எழுதப்படும். கணவன் உயிரோடிருந்தால் அவனே குடும்பத் தலைவர். ஒரு தலைவருக்கு ஒரு வீடு. கணவன் மவுத்தாகியிருந்தால் மரண அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். விவாகரத்து என்றால் முஸ்லிம் விவாக நீதவானான காதியாரின் பத்திரம் வேண்டும். உயிரோடு இருந்துகொண்டே இல்லாமற்போன கணவர்களுக்கு அதில் பந்தி எதுவும் இல்லை.

அப்படிப்பட்ட ஒரு கணவனின் மனைவி எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்தாள்.

இருந்தாள் என்றால் வீட்டில் அல்ல. ஒரு வியாபாரியின் நெல் அவிக்கும் கொட்டிலில். தகரக் கூரை, புகை படிந்த அரைச்சுவர், நடுவில் பெரிய அடுப்பு. அவளுடைய வாப்பா ஒரு தென்னந்தோட்டத்தின் காவற்காரர். தோட்டத்து மூலையில் முதலாளி விட்டுக்கொடுத்த குடிசையில்தான் அவள் பிறந்தாள், வாழ்க்கைப்பட்டாள், இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றாள். மருமகனுக்கு வீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்த வாப்பா கட்டாமலே மவுத்தானார். மருமகன் சில வருடம் பொறுத்துப் பார்த்தான். பிறகு ஒலுவிலில், வீடுள்ள ஒரு பெண்ணை இரண்டாந்தாரமாக முடித்துக்கொண்டு போய்விட்டான். சூறாவளி அந்தத் தோட்டத்தையே மொட்டையாக்கியது. காவல் காக்கத் தென்னை இல்லாதபோது காவற்காரரின் மகளுக்கு அங்கே என்ன வேலை? சில மாதம் பள்ளிக்கூடத்தில் அகதி. பள்ளிக்கூடம் திறந்ததும் கொட்டில்.

கொட்டிலுக்குக் கதவில்லை. வாசலில் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தாள். கச்சான் அதை ஒரு நாளும் சும்மா தொங்கவிடவில்லை. மூத்த மகள் பெரியபிள்ளையாகும் வயதில் இருந்தாள். அவள் உடுப்பு மாற்றும் நேரமெல்லாம் தாய் அந்தச் சாக்கின் இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பதை எங்கள் குசினி ஜன்னலால் பார்க்கலாம்.

வியாபாரி கெட்டவரல்ல. வாடகை கேட்கவில்லை. ஆனால் கோடை வேளாண்மை வெட்டுத் தொடங்கினால் நெல் அவிக்கக் கொட்டில் வேண்டும், அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். வயலெல்லாம் பழுக்கத் தொடங்கியிருந்தது. வழமையாக எங்கள் ஊரில் எல்லோரும் ஆசையோடு பார்க்கும் அந்த மஞ்சள் நிறத்தை அவள் எப்படிப் பார்த்திருப்பாள் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

என் மனைவி ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே தொடங்கினாள்.

“மச்சான், கல்லூட்டுக்காரனுக்கெல்லாம் ஊடு எழுதுறீங்களாம். பின்னால இரிக்கிற ராத்தாட பேர் இரிக்கா?”

“அவட மனிசன்ட பேர் இரிக்கி. காணிக் கச்சேரி நாள் அவன் வந்து முன்னால நிண்டாத்தான் கிடைக்கும்.”

“அவன் எங்க வாற? அஞ்சு வருசமாப் பெருநாளைக்கும் எட்டிப் பாக்கல்ல.”

“அப்ப பேர் வெட்டுப்படும். சட்டம் அதுதான்.”

“சட்டமோ? நீங்க இப்ப குந்தியிரிக்கிற ஊடு யார்ட பேர்ல இரிக்கி எண்டு ஒருக்கா யோசிச்சிட்டுச் சட்டம் கதைங்க.”

யோசித்தேன்.

அந்தப் பெண்ணிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் ஒலுவிலில் கரைவலை இழுக்கிறான் என்றாள். தான் போகமாட்டாளாம், தான் அனுப்பியதாகவும் நான் சொல்லக்கூடாதாம்.

“வந்தா என்ன செய்யணும் தம்பி?”

“ஒண்டுமில்ல ராத்தா. ஒங்களோட நிண்டு ‘ஓம்’ எண்டு சொன்னாப் போதும்.”

“நிக்காஹ்வுக்கும் அவ்வளவுதான் சொன்ன” என்றுவிட்டு உமியை ஊதினாள்.

விடுமுறை நாளொன்றில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெற்கே போனேன். வலப்பக்கமிருந்து கச்சான் தள்ளுகிறது. இரண்டு பக்கமும் தலையில்லாத தென்னைகள் மின்கம்பங்கள்போல் நிற்கின்றன. வாயெல்லாம் மணல். அவன் இல்லாவிட்டால் என்ன செய்வது, வரமாட்டேன் என்றால் என்ன செய்வது என்று மிதிக்கு ஒன்றாக நினைத்துக்கொண்டு போனேன். வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

கடற்கரையில் மீனவர் கொட்டிலான வாடியொன்றில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நெடியவன், வெற்றிலைச் சிரிப்பு. ஊரில் எல்லோருக்கும் பிடித்த, எவருக்கும் உதவாத வகை. விஷயத்தைக் கேட்டதும் பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான்.

“என்ட பேர்ல ஊடாம்! கிளாக்கர், ஆம்புளைக்கு எந்த ஊர்ல ஊடு இரிக்கி? வலைக்காரனுகள் என்னச் சிரிச்சே கொண்டுருவானுகள்.”

“பேர் மட்டும்தான் ஒங்கட. இரிக்கப் போறது அவங்க.”

சிரிப்பை நிறுத்தினான். “அவளுக்குக் கிடைக்குமெண்டா வாறன். மாமா ஊடு தாறன் தாறன் எண்டு ஏமாத்திட்டார். காவக்காரனுக்குக் காவக்காரனா அந்தத் தோட்டத்துல எவ்வளவு நாள் இரிக்கிற? எண்டாலும் அவள்ல பிழையில்ல.”

இதை அவளிடம் சொல்ல அவனுக்கு ஐந்து வருடம் கிடைத்திருந்தது.

அப்போதுதான் அவனுடைய இரண்டாவது மனைவியைப் பார்த்தேன். வாடிக்குப் பின்னால், உடைந்த தோணியொன்றின் பாதியைத் தென்னங்குற்றிகளில் கவிழ்த்து வைத்து, மூன்று பக்கமும் சாக்கு மறைத்திருந்தது. அதற்குள்ளிருந்து குனிந்து வெளியே வந்தாள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். இடுப்பில் கைக்குழந்தை. அவளுடைய ஓட்டு வீட்டின் மேல் இரண்டு தென்னைகள் விழுந்து, வீடு இப்போது ஒரு மண்மேடு. எதற்காகப் புருஷன் முதல் மனைவியைவிட்டு இங்கே வந்தானோ, அது இப்போது இங்கேயும் இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். “தம்பி, இவர்ட பேர அங்க எழுதினா, அடுத்த மாசம் ஒலுவில்ல பேர் கூப்பிடக்குள்ள எங்களுக்கு என்ன?”

அந்தக் கடற்கரையில் இருந்த எங்கள் எல்லோரையும்விட அவளுக்கு மூளை வேலை செய்தது. ஒரு தலைவருக்கு ஒரு வீடு. இரண்டு மனைவிமாருக்கு மார்க்கம் இடம் கொடுத்திருக்கலாம், சுற்றுநிருபம் கொடுக்கவில்லை. விடை எனக்குத் தெரியும். விடை தெரிந்த அரசாங்க ஊழியன் சொல்வதையே நானும் சொன்னேன்.

“பாப்பம்.”

அவளுக்கு விளங்கிவிட்டது. அழவில்லை, ஏசவில்லை. குனிந்து உள்ளே போய், பிஸ்கட் தகரத்துக்குள்ளிருந்து ஒரு மடித்த சேர்ட்டை எடுத்து வந்து உதறினாள். “அந்த நாள் இதப் போட்டுட்டுப் போங்க. கச்சேரிக்குக் கந்தலோட போகாதிங்க” என்று அவனிடம் கொடுத்தாள்.

திரும்பிவரும்போது காற்று மறுபக்கமிருந்து தள்ளியது. ஒரு வீட்டுக்காகப் போனவன் இரண்டு வீட்டின் பாரத்தோடு திரும்பினேன். மனைவியிடம் சொன்னேன். கொட்டிலுக்குப் போய், புருஷன் வருவான் என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

காணிக் கச்சேரி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: விண்ணப்பித்தவர்களை ஊர் முன்னிலையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எவரும் எழுந்து ஆட்சேபணை சொல்லலாம். எங்கள் ஊரில் ஆட்சேபணை சொல்வது ஒரு பொழுதுபோக்கு. காணி கேட்காதவர்களும் அதற்காகவே குளித்து வெளிக்கிட்டு வருவார்கள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் பாதிக் கூரைதான் இருந்தது. விசாரித்த அதிகாரி யாழ்ப்பாணத்தவர். கண்டிப்பானவர், கைசுத்தமானவர், எங்கள் ஊர்த் தண்ணீரில் நம்பிக்கையில்லாமல் பிளாஸ்க்கோடு வந்திருந்தார். காற்றுக்குப் பயந்து ஒவ்வொரு காகிதக் கோவையின் மேலும் ஓர் உடைந்த ஓட்டுத்துண்டு. முதலில் சுற்றுநிருபத்தை ஒவ்வொரு பந்தியாக உரக்க வாசித்தார். பிறகு பெயர்கள்.

ஆண்கள் நெளிந்துகொண்டு எழுந்து வந்தார்கள். தம் பெயரில் வீடு என்பது அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. பின்னாலிருந்து ஒருவன், “டேய் மச்சான், இனி மனிசி துரத்தினா ஓட ஒனக்கொரு இடம் வந்திட்டு!” என்றான். மண்டபம் சிரித்தது. அதிகாரிக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் கோவையைப் பார்த்தேன்.

பெண்கள் வேலியோரமாக நின்றார்கள். அவள் இரண்டு பிள்ளைகளையும் முன்னால் நிறுத்தியிருந்தாள். அவன் வரவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து நொந்தது. அவனுடைய பெயர் கூப்பிடப்பட்டது. பதிலில்லை. இரண்டாந்தரம் கூப்பிட்டார். நான் தொலையாத ஒரு தாளைத் தேடத் தொடங்கினேன்.

“ஐசே, காத்துப் பேப்பரைத்தான் கொண்டுபோகும். உம்மட கண்ணையும் கொண்டு போட்டுதோ?”

அதிகாரி சிவப்புப் பேனையை எடுக்கும்போது, தேநீர்க் கடைப் பக்கமிருந்து அவன் வந்தான். அந்தச் சேர்ட். அதே சிரிப்பு. பெண்ணைக் கூப்பிட்டேன். இருவரும் மேசைக்கு முன்னால், நடுவில் ஒரு மாடு போகக்கூடிய இடைவெளி விட்டு நின்றார்கள். விசாரணை நன்றாகத்தான் போனது. வீடு இருந்ததா? இருந்தது. விழுந்ததா? விழுந்தது. பிள்ளைகள்? இதோ. அதிகாரி எழுதப்போனார்.

“ஐயா, ஆட்சேபணை!” என்று பின்னால் ஒரு குரல். “இவருக்கு ஒலுவில்ல வேற ஒரு குடும்பம் இரிக்கி. அங்கயும் பேர் குடுத்திருக்கார்.”

பேனை நின்றது. “உண்மையோ?”

“ஓம் ஐயா” என்றான் அவன்.

“ஒரு குடும்பத் தலைவருக்கு ஒரு வீடு. நீர் எந்தக் குடும்பத்துக்குத் தலைவர்?”

“ரெண்டுக்கும்தான் ஐயா.”

“அப்ப ரெண்டு தலை வேணும்!” என்றது கூட்டம். மறுபடி சிரிப்பு. அவனும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

“ஒண்டைச் சொல்லும்” என்றார் அதிகாரி. “இஞ்சை எழுதினால் அங்கை வெட்டுவன். அங்கையெண்டால் இஞ்சை வெட்டுவன். கெதியாச் சொல்லும், இன்னும் அரைவாசிப் பேர் கிடக்கு.”

அவன் நிலத்தைப் பார்த்தான். அந்த இடத்தில், பெண்கள் பேசும் வழக்கமில்லாத அந்த மேசைக்கு முன்னால், அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“அவளுக்குக் கூரை இரிக்கா?”

“இல்ல. தோணிக்குக் கீழ இரிக்கம்.”

“புள்ள?”

“கைப்புள்ள.”

முக்காட்டைச் சரிசெய்தாள். வயல்பக்கம் ஒருதரம் பார்த்தாளோ என்று எனக்கு ஒரு நினைவு; உறுதியில்லை. பிறகு அதிகாரியிடம், “ஐயா, கொஞ்சம் எழுதாம இரிங்க” என்றாள். அவனிடம் சொன்னாள்:

“சொல்லிட்டுப் போ.”

“என்னத்த?”

“அஞ்சு வருசமாச் சொல்லாமச் செய்து வாறதச் சொல்லிட்டுப் போ. இவ்வளவு பேர் சாட்சிக்கு இரிக்காங்க.”

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். “கிளாக்கர், ஊட்டுக்கு இதும் தேவையா?” என்று, ஏதோ ஒரு பத்திரத்தைக் கேட்பதுபோலக் கேட்டான். அவன் குரலைத் தாழ்த்தி அவளிடம், “வேணாம் புள்ள. நீ எடு. நாங்க எப்பிடியும் ஒரு மாதிரி...” என்றான்.

“கதவில்லாத இடத்துல பொம்புளப் புள்ளையள வெச்சிட்டு நான் இரிந்து பாத்திட்டன். கைப்புள்ளையோட அவளும் இரிந்து பாக்கத் தேவையில்ல. சொல்லு.”

அவன் சொன்னான். ஒரேயொரு தரம், அவளுடைய முழுப்பெயரைச் சொல்லி, தலாக். அவன் சிரிக்காமல் பேசியதை ஊர் அன்றுதான் கேட்டிருக்கும். அவள் அசையவில்லை. ஓட்டுத்துண்டு விலகி ஒரு கோவையின் தாள்கள் மண்டபம் முழுவதும் பறந்தன. எவரும் எழுந்து பொறுக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த பள்ளிவாசல் மரைக்கார் ஒருவர்தான் கடைசியில் வாய் திறந்தார். “இது இப்பிடி நடுச்சபையில சொல்ற சாமானில்ல. காதியார்ட்டப் போகணும்.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. காதியாருக்கு அறிவிக்க வேண்டும், அவர் சேர்த்துவைக்க முயல வேண்டும், தவணை கொடுக்க வேண்டும், சாட்சிகள் வேண்டும். ஒருதரம் சொன்னதை, இத்தா என்னும் காத்திருப்புக் காலத்துக்குள் அவன் ஒரு சொல்லில் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும்.

அதிகாரி என் பக்கம் குனிந்தார். “ஐசே, இது செல்லுமோ?”

“தொடங்கியிருக்கு, சேர்.”

“அப்ப இவ இப்ப ஆர்? பெண்சாதியோ, இல்லையோ?”

“ரெண்டும், சேர்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தனிச்சு வாழுற குடும்பத் தலைவியெண்டு எழுதலாம். எந்தப் பந்தியில எழுதிறது?”

“பதினோராம் பந்தி, சேர்.”

காலையில் அவரே வாசித்த சுற்றுநிருபத்தில் ஒன்பது பந்திகள்தாம் இருந்தன. என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “சரி, பதினொண்டெண்டு போடும். காதியாற்றை துண்டு பிறகு வரவேணும்” என்றுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து, “ஆட்சேபணை இருக்கோ?” என்று கேட்டார். எதற்கும் ஆட்சேபணை சொல்லும் எங்கள் ஊர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கச்சேரி கலைந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“தம்பி, நான் எங்க இத்தா இரிக்கிற?”

தலாக் சொல்லப்பட்ட பெண் மூன்று மாதமளவு வெளியே திரியாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்குள். எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் வீடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. ஆனால் இத்தா முடியும்வரை இருக்க இடம் கொடுப்பது புருஷனின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. தேநீர்க் கடை வாங்கில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம் போய் அதைச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் அன்பு இருக்கவில்லை.

ஆனால் வெட்டுத் தொடங்குமுன் வந்தான். மாட்டுவண்டியில் விழுந்த தென்னையின் கப்புகள், வரிச்சுகள், கிடுகு. சூறாவளிக்குப் பிறகு எங்கள் கரையில் கிடுகு பின்ன ஓலையே இல்லை. எங்கே பிடித்தான் என்று நான் கேட்கவில்லை. ஒலுவிலில் வலைவாடியின் கூரை திடீரென்று மெலிந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவளுக்கு அளந்துவிட்ட காணித்துண்டில் ஒரு குடிசையும் சுற்றிவர வேலியும் கட்டினான். புருஷனாக இருந்த காலத்தில் அவளுக்காக ஒரு கம்பு நடாதவன் தலாக் சொன்ன பிறகு குடிசை கட்டினான்.

அந்த மூன்று மாதமும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலி பார்க்க வந்தான் என்பார்கள், மீன் கொண்டுவந்தான் என்பார்கள். அவன் மனம் மாறி ஒரு சொல் சொன்னால் போதும், அவள் மறுபடி மனைவி. என் பதினோராம் பந்தி காற்றில் போய்விடும். ஒலுவில் பெயரும் போகும். கந்தோருக்குப் போகத் தேவையில்லாத பாதையால், அந்தக் காணியைச் சுற்றிச் சைக்கிளில் போய்வந்தேன். திருப்பி எடுத்தால் நல்லதுதானே என்று ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை. அதுதான் என்னை இன்னும் அலைத்தது.

ஒரு நாள் என் மனைவி அவளுக்கு அரிசி கொண்டுபோனாள். நான் வழமைபோல் தெருவில் சைக்கிளோடு. அவன் வேலிவாசல் கடப்படியில் குந்தியிருந்து கிடுகு கட்டிக்கொண்டிருந்தான். ஒலுவில்காரியும் குழந்தையோடு வந்திருந்தாள். உள்ளே போகாமல் வேலிக்கு வெளியே நின்று பேசினாள்.

“ராத்தா, நான் ஒண்டும் கேக்கல்ல ராத்தா. இவர அப்பிடிச் சொல்லச் சொல்லியும் நான் அனுப்பல்ல.”

குழந்தை சிணுங்கத் தொடங்கியது.

“புள்ள பசியில அழுகுது. குடு” என்றது உள்ளேயிருந்த குரல். கொஞ்சநேரம் கழித்து, “கடப்படியில வேலி தொய்யுது. நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லு, ஒன்ட மனிசனுக்கு” என்றது.

அவன் கை முடிச்சில் நின்றது. பிறகு முழங்காலை ஊன்றி, கயிற்றை இழுத்து இறுக்கினான்.

காதியாரின் பத்திரம் வந்தது. ஒலுவிலில் அவன் பெயரில் ஒரு வீடு எழுதப்பட்டது. வலைக்காரர்கள் சிரித்ததாகக் கேள்வி. மாரி தொடங்குமுன் இங்கே வீடுகளைக் கையளித்தோம். மற்றவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், குறை சொன்னார்கள். அவளுடைய மூத்த மகள் நேரே உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் திறக்கவில்லை. கையொப்பத்துக்காகக் காத்திருந்த நான் தட்டப்போனேன். வெளியே நின்ற தாய், “இரிக்கட்டும் தம்பி, ஆறுதலா இரிக்கட்டும்” என்று மறித்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ விசாரணைகளில் இருந்திருக்கிறேன், எத்தனையோ கோவைகளை முடித்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். அன்று அந்தப் பெண் ஒன்றைப் பெற்றாளா, ஒன்றை இழந்தாளா என்று எனக்குள் நடக்கும் விசாரணை மட்டும் இன்னும் முடியவில்லை. முடியாமலிருப்பதே நல்லது என்றும் தோன்றுகிறது, ஏனென்றால் முடிந்த கோவையை எங்களில் எவரும் மறுபடி திறந்து பார்ப்பதில்லை.